கீரைப் பாத்தியின் வளர்ச்சியை லேசர் வண்டியால் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னைக்கு வடக்கே மாதவரம், மாத்தூர், செங்குன்றம் பக்கம் உள்ள கீரைப் பாத்திகளிலும், மீஞ்சூர், பொன்னேரி நெல் வயல்களிலும் லைடாரை (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் சுழலும் கருவி) வைத்துப் பயிர் வளர்ச்சியை அளக்க நினைக்கும் மாணவர்கள், சிறு தொழில்முனைவோர், விவசாயக் குழுக்களுக்காக இது எழுதப்பட்டது. முளைக்கீரைப் பாத்தியை அடிப்படையாகக் கொண்டு படிகள் சொல்லப்பட்டுள்ளன. நெல்லுக்கு வேண்டிய மாற்றங்கள் தனியாக உள்ளன.

புதிதாக இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மாதத்தையும் கையிலிருக்கும் பணத்தையும் ரோபோ கட்டுவதிலேயே செலவழித்துவிடுகிறார்கள். வண்டி ஓடத் தொடங்கும்போது பாத்தியில் கீரை முக்கால் அடி நிற்கும். அதன் கீழே இருக்கும் தரையை அதன்பிறகு அளக்க வழியில்லை. தரை தெரியாமல் உயரம் கிடையாது. அதனால் இங்கே வரிசை தலைகீழ்: முதலில் சென்சார், அடுத்து தள்ளுவண்டி, பிறகு வெறுந்தரை அளவு, கடைசியில்தான் மோட்டார்.

1. எதை அளக்கப் போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

"வளர்ச்சி" என்பது ஒரே அளவு அல்ல. லேசரால் நேராகக் கிடைப்பவை மூன்று: இலைப்பரப்பின் உயரம், தரையை இலை எவ்வளவு மூடியிருக்கிறது என்ற விகிதம், இலைக்கூட்டம் அடைத்திருக்கும் கன அளவு. எடை நேராகக் கிடைக்காது. கன அளவை வெட்டி எடுத்த கீரையின் எடையோடு ஒப்பிட்டுத்தான் எடைக்கு வர முடியும்.

முளைக்கீரை விதைத்த மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். ஏறத்தாழ 25 நாளில் பிடுங்கிவிடுவார்கள். இந்தக் குறுகிய காலத்தில் மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை அளந்தால் போதும். தினமும் அளந்தால் ஒரு நாள் வளர்ச்சி கருவியின் பிழைக்குள் மறைந்துபோகும். வரைபடம் ஏறி இறங்கி ஆடும், பார்ப்பவர் குழம்புவார்.

இன்னொன்றையும் இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள்: இரண்டு செ.மீ. உயர நாற்றை சிறு செலவில் கிடைக்கும் லைடார் அளக்காது. முதல் எட்டு, பத்து நாளுக்கு மேலிருந்து எடுத்த புகைப்படத்தில் பச்சை எவ்வளவு என்று பார்ப்பதே சரியான வழி. லேசரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

லைடார்: வெயிலில் வேலை செய்யும் டைம் ஆஃப் ஃபிளைட் (ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணிக்கும்) வகை வேண்டும். விலை குறைவு என்று ஆர்பிலைடார் ஏ1 வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. அது முக்கோண முறையில் தூரம் கணிக்கும், வீட்டுக்குள் ஓடும் ரோபோவுக்கான கருவி. நேரடி வெயிலில் புள்ளிகள் காணாமல் போகும். அதே நிறுவனத்தின் எஸ்2 வகை நொடிக்கு 32,000 புள்ளிகள் எடுக்கும், நொடிக்குப் பத்து சுற்று சுற்றும், திறந்தவெளியிலும் வேலை செய்யும். கீழே வரும் கணக்குகள் எல்லாம் இதற்கானவை. ஹோகுயோ யூடிஎம்-30எல்எக்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. நொடிக்கு 40 சுற்று என்பதால் வண்டியைச் சற்று வேகமாக ஓட்டலாம்.

கணினி: ராஸ்பெரி பை 4 என்றால் உபுண்டு 22.04, ரோஸ் 2 (ரோபோக்களுக்கான இலவச மென்பொருள்) ஹம்பிள் பதிப்பு. பை 5 என்றால் உபுண்டு 24.04, ரோஸ் 2 ஜாஸி. பை 5 வாங்கிவிட்டுப் பழைய காணொளியைப் பார்த்து 22.04 ஏற்ற முயன்று ஒரு வாரம் போனவர்கள் நிறைய.

கடிகாரம்: பை 4-க்குள் தனிக் கடிகாரம் இல்லை. வயலில் இணையம் இல்லாமல் ஆன் செய்தால் அது பழைய தேதியிலேயே விழிக்கும். எந்தக் கோப்பு எந்த நாளுடையது என்று பிறகு தெரியாது. டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றைச் செருகிவிடுங்கள். பை 5-இல் கடிகாரம் உண்டு, ஆனால் அதற்குரிய சிறு பேட்டரியைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும்.

சாய்வு உணரி: பிஎன்ஓ085 போன்ற ஒரு ஐஎம்யூ. இதை லைடார் அமர்ந்திருக்கும் அதே தகட்டில் திருகுங்கள். வண்டிச் சட்டத்தில் வைத்தால், சட்டம் வளையும்போது லைடார் எப்படிச் சாய்ந்தது என்று அதற்குத் தெரியாது.

தூரம் அளக்க: சக்கரம் சுற்றுவதை எண்ணும், ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு தரும் என்கோடரும், 20 அங்குலச் சிறுவர் சைக்கிள் சக்கரம் ஒன்றும். சக்கரத்தின் சுற்றளவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்காதீர்கள். டியூபில் காற்றடித்து, தரையில் பத்துச் சுற்று உருட்டி, அளவு நாடாவால் அளந்து பத்தால் வகுங்கள்.

மின்சாரம்: தள்ளுவண்டிக்கு 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி போதும். லைடாருக்குத் தனியாக 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் பலகை) கொடுங்கள். லைடார் சுற்றத் தொடங்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை பையின் யூஎஸ்பி துளை தாங்காது. பை அணைந்து மறுபடி எழும், பதிவு பாதியில் அறுந்துபோகும்.

கைக்கருவிகள்: ரசமட்டம், தூக்குக்குண்டு, 30 மீட்டர் நாடா, எஃகு அளவுகோல், வெர்னியர், ஒரு கிராம் துல்லியத் தராசு, 50-க்கு 50 செ.மீ. கம்பிச் சட்டம், ஒரே மாதிரியான ஆறு செங்கல்.

மின்னணுப் பொருட்கள் ரிச்சி தெருவில் கிடைக்கும். பைப், பேரிங், நட்டு, போல்ட்டுக்குப் பாரிமுனை. தகடு வெட்ட அம்பத்தூர் அல்லது வியாசர்பாடித் தொழிற்பேட்டைப் பட்டறைகள்.

3. சிமெண்ட் தரையில் செங்கல் சோதனை

வயலுக்குப் போகும் முன் இதை முடிக்க வேண்டும். வயலில் தரையும் ஆடும், இலையும் ஆடும், பிழை எதிலிருந்து வந்தது என்று பிரித்தறிய முடியாது. சிமெண்ட் தரை ஆடாது.

லைடாரைத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், சுற்றும் தளம் செங்குத்தாக நிற்கும்படி, வண்டி போகும் திசைக்குக் குறுக்காக மாட்டுங்கள். கீழே 1.2 மீட்டர் அகலப் பாத்தி இருந்தால் 360 டிகிரியில் சுமார் 53 டிகிரிதான் பயன்படும். மற்ற புள்ளிகள் வானத்துக்கும் உங்கள் சட்டைக்கும் போகும். வீணாகிறதே என்று லைடாரைத் தாழ்த்த வேண்டாம். தாழ்த்தினால் பாத்தி ஓரத்தை மிகச் சாய்வாகப் பார்க்கும், முன்னால் நிற்கும் செடி பின்னால் உள்ளதை மறைக்கும்.

கருவியை ஆன் செய்து 15 நிமிடம் சும்மா சுற்ற விடுங்கள். சூடேறும் வரை தூர அளவு மெல்ல நகரும். அந்த நகர்வு முதல் பாத்தியின் அளவில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது வெறும் தரையை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். புள்ளிகளைக் குறுக்குவெட்டாக வரைந்தால் ஒரு நேர்கோடு வர வேண்டும். கோடு சாய்ந்திருந்தால் லைடார் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. ஒரு டிகிரி சாய்ந்தால் நடுவிலிருந்து 60 செ.மீ. தள்ளியுள்ள பாத்தி ஓரத்தில் 10 மி.மீ. பொய் உயரம் வரும். ரசமட்டத்தை நம்பி நிறுத்த வேண்டாம். கோட்டின் சாய்வைக் கணக்கிட்டு, அந்தக் கோணத்தை மென்பொருளில் திருத்துங்கள்.

அடுத்து செங்கற்கள். ஒன்றைப் படுக்கையாக, ஒன்றைப் பக்கவாட்டில், ஒன்றைச் செங்குத்தாக நடுவில் வையுங்கள். மற்ற மூன்றையும் அதே மாதிரி ஓரத்தில் வையுங்கள். ஒவ்வொன்றின் உயரத்தையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லைடார் சொல்லும் உயரமும் அதுவும் 5 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் மேலே செல்லலாம். நடுவில் ஒத்துப்போய் ஓரத்தில் போகவில்லை என்றால் சாய்வுத் திருத்தம் தவறு.

இங்கே ஒரு சந்தேகம் வரும். எஸ்2-வின் துல்லியம் ±30 மி.மீ. என்றுதானே போட்டிருக்கிறது, 5 மி.மீ. எப்படிக் கிடைக்கும்? அந்த 30-இல் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, எப்போதும் ஒரே பக்கம் தள்ளிக் காட்டும் நிலையான பிழை. உயரம் என்பது தரைக்கும் இலைக்கும் உள்ள வித்தியாசம் என்பதால், கழிக்கும்போது இது பெரும்பாலும் போய்விடும். மற்றது, புள்ளிக்குப் புள்ளி மாறும் நடுக்கம். பல புள்ளிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இது குறையும்.

அந்த நடுக்கத்தை இப்போதே எண்ணாக எடுத்து வையுங்கள். நேர்கோட்டிலிருந்து புள்ளிகள் விலகும் திட்ட விலக்கம்தான் அது. 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பயிர் உயரத்துக்கு எல்லோரும் 95-ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 95 புள்ளிகள் எந்த உயரத்துக்குக் கீழே விழுகின்றனவோ அந்த உயரத்தை, எடுப்பார்கள். நடுக்கம் 10 மி.மீ. என்றால் வெறும் சிமெண்ட் தரையின் 95-ஆம் சதமானமே 16 மி.மீ. காட்டும். 99-ஆம் சதமானம் 23 மி.மீ. காட்டும். முளைக்காத பாத்தியில் ஒன்றரை செ.மீ. கீரை இருப்பதாகத் திரையில் வரும்போது பலர் மென்பொருளைச் சந்தேகிக்கிறார்கள். மென்பொருளில் குறையில்லை. அது கருவியின் நடுக்கம்.

4. தள்ளுவண்டி

பாத்தியைத் தாண்டி நிற்கும் நான்கு கால் சட்டம் வேண்டும். சக்கரங்கள் இரண்டு பக்க வாய்க்காலில் ஓட வேண்டும். அகலத்தை முடிவு செய்யும் முன் தோட்டத்தில் குறைந்தது ஆறு பாத்திகளின் அகலத்தை அளந்து பாருங்கள். மண்வெட்டியால் கட்டிய பாத்தி ஒரே அகலமாக இருக்காது. அதனால் குறுக்குக் குழாயை ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி வைத்து 15 செ.மீ. கூட்டிக் குறைக்க வழி செய்யுங்கள்.

ஒன்றரை அங்குல அலுமினியக் குழாய் போதும். எடை 25 கிலோவைத் தாண்டினால் ஈர வாய்க்காலில் சக்கரம் புதையும், தள்ளுகிறவர் மூச்சிரைப்பார், வேகம் சீராக இருக்காது.

அளவுச் சக்கரத்தைத் தனியாக, ஒரு சுருள்வில்லால் தரையை அழுத்தும்படி பின்னால் இழுத்து வரச் செய்யுங்கள். இதற்கு மோட்டார் எந்நாளும் கூடாது. சேற்றில் மோட்டார் சக்கரம் வழுக்கும்போது அது சுற்றும், வண்டி நகராது, என்கோடர் மட்டும் தூரம் போனதாகச் சொல்லும். இழுபடும் சக்கரம் வழுக்குவது மிகக் குறைவு.

எல்லா போல்ட்டுக்கும் லாக் நட் போடுங்கள். லைடார் தகடு ஒரு மி.மீ. ஆடினாலும் சிமெண்ட் தரையில் பட்ட பாடு வீண்.

5. குறிக்கட்டைகள்

விலை குறைவான, ஆனால் மிக முக்கியமான பொருள் இதுதான். ஒவ்வொரு பாத்தியின் தொடக்கத்திலும் முடிவிலும், இடது வலது ஓரங்களில், மொத்தம் நான்கு பிவிசி குழாய்களை 60 செ.மீ. ஆழம் மண்ணில் இறக்குங்கள். தரைக்கு மேலே 30 செ.மீ. நிற்கட்டும். தலையில் 15-க்கு 15 செ.மீ. வெள்ளைப் பலகை ஒன்றைப் படுக்கையாகத் திருகுங்கள். பளபளப்பான பலகை வேண்டாம். லேசர் கண்ணாடியில் பட்டதுபோல வேறு பக்கம் தெறித்துப் போகும். மேட் பெயிண்ட் ஒரு கோட் அடித்தால் சரியாகிவிடும்.

ஆழமாக இறக்குவதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் கட்டும்போது மேல்மண் இளகி அமரும், மழையில் இன்னும் அமரும். அரை அடி மட்டும் இறக்கிய கட்டை மண்ணோடு சேர்ந்து நகரும். அது நகர்ந்தால் அளவுகோலே நகர்ந்ததுபோல.

இந்தக் கட்டைகள் மூன்று வேலை செய்யும். சக்கரம் இரண்டு செ.மீ. புதைந்தால் லைடார் தாழும், கீரை இரண்டு செ.மீ. வளர்ந்ததுபோலத் தெரியும். பலகையின் உயரம் மாறாதது என்பதால் அதைக் கொண்டு திருத்தலாம். தொடக்கப் பலகைக்கும் முடிவுப் பலகைக்கும் உள்ள உண்மையான தூரத்தை நாடாவால் அளந்து வைத்தால், என்கோடரின் கூடுதல் குறைவை அதற்குள் நீட்டிச் சுருக்கிச் சரிசெய்யலாம். இரண்டு நாள் எடுத்த ஸ்கேன்களை ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருத்தவும் இவையே ஆதாரம்.

பாத்தி 30 மீட்டருக்கு மேல் நீளமானால் நடுவிலும் ஒரு ஜோடி போடுங்கள். நீளம் கூடக்கூட நடுப்பகுதியில் பிழை சேரும். கட்டை நடும் முன் தோட்டக்காரரிடம் இடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். தண்ணீர் பாயும் வாயிலும், கீரை கட்டுகளை அடுக்கும் இடத்திலும் கட்டை நின்றால் இரண்டாம் நாள் பிடுங்கப்பட்டிருக்கும். அது அவர்கள் தவறல்ல.

6. வெறுந்தரை ஸ்கேன்

முழு வேலையும் இந்த ஒரு ஸ்கேனின் மேல்தான் நிற்கிறது. இதற்குக் கிடைப்பது இரண்டே நாள்.

பாத்தி கட்டியதும் எடுத்தால் தவறு. மண் பொலபொலவென்று இருக்கும். விதை தூவி முதல் தண்ணீர் பாய்ந்ததும் மண் அமர்ந்து தரை தாழ்ந்துவிடும். அந்த அளவு முழுக்க "கீரை குறைந்தது" என்று கணக்கில் வரும். முளைத்த பிறகு எடுத்தாலும் தவறு. விதைத்து, முதல் தண்ணீர் வடிந்து, மேல்மண் கால் வைக்கும் அளவுக்கு இறுகிய மறுநாள் காலைதான் சரியான நேரம். "அண்ணே, முதல் தண்ணி என்னைக்குக் கட்டுறீங்க?" என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும்போது எடுக்காதீர்கள். தண்ணீர்ப் பரப்பு லேசரைத் தெறித்துவிடும், அந்த இடம் ஓட்டையாக வரும்.

ஒரே பாத்தியை மூன்று முறை தொடர்ந்து ஓட்டுங்கள். மூன்றையும் குறிக்கட்டையில் பொருத்தி, 5 செ.மீ. சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் இடைநிலை உயரத்தை எடுங்கள். மூன்று ஓட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் அமைப்பின் மீள்பிழை. பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். அது 8 மி.மீ. என்றால், 16 மி.மீ.க்குக் குறைவான எந்த மாற்றத்தையும் வளர்ச்சி என்று யாரிடமும் சொல்லக்கூடாது.

7. அளக்கும் நாள்

நேரம்: காலை ஆறு மணியிலிருந்து எட்டரைக்குள் முடித்துவிடுங்கள். எண்ணூர் கடற்கரைக்கு அருகில் என்பதால் பகலேற ஏறக் கடல்காற்று உள்ளே வரும். கீரைத் தண்டு மெலிது, இலை அகலம். காற்றில் ஆடும் இலை ஒவ்வொரு சுற்றிலும் வேறு இடத்தில் தெரியும், கன அளவு ஊதிப்போகும். கண்ணுக்கு இலை ஆடுவது தெரிந்தாலே நிறுத்திவிடலாம். மார்கழி, தையில் இலைமேல் பனித்துளி நிற்கும். அது உலர அரைமணி காத்திருங்கள்.

மதியம் அளக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், வெயிலில் கீரை துவளும். காலையில் 20 செ.மீ. நின்ற இலை மதியம் தாழ்ந்திருக்கும். ஒரு நாள் காலையிலும் அடுத்த முறை மதியத்திலும் எடுத்தால் பயிர் சுருங்கியதாக வரும்.

களை: கோரைப்புல்லின் ஒற்றைத் தாள் நிமிர்ந்து நின்றால் அந்தச் சதுரத்தின் உயரத்தையே அது தீர்மானித்துவிடும். லேசருக்குக் கோரையும் கீரையும் ஒன்றுதான். களையெடுத்த பிறகு அளப்பது நல்லது. முடியாவிட்டால் "களை உண்டு" என்று குறித்து வையுங்கள்.

ஓட்டும் முறை:

லைடாரின் வெளிப்பரப்பை மென்துணியால் துடையுங்கள். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் சாம்பல் தூசு படியும். தூசு படிந்தால் லைடாருக்கு மிக அருகில் பொய்ப் புள்ளிகள் வரும். 15 நிமிடம் சூடேற்றுங்கள். பதிவை ஆன் செய்து, வண்டியை அசைக்காமல் பத்து வினாடி நில்லுங்கள். அந்தப் பத்து வினாடி சாய்வு உணரியின் தொடக்க நிலைக்குத் தேவை. பிறகு நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் நடங்கள்.

அந்த வேகம் ஏன்? நொடிக்குப் பத்துச் சுற்று என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு செ.மீ. நகர்கிறீர்கள். குறுக்கே சுமார் 2.5 மி.மீ.க்கு ஒரு புள்ளி. ஆக 10 செ.மீ. சதுரத்தில் ஏறத்தாழ 400 புள்ளிகள் விழும். சதமானம் எடுக்க இது தாராளம். வேகத்தை மூன்று மடங்காக்கினால் சுற்றுக்குச் சுற்று மூன்று செ.மீ. இடைவெளி விழும், இளம் இலைகள் தப்பிவிடும். 30 மீட்டர் பாத்திக்கு ஐந்து நிமிடம். மெதுவாகத் தோன்றும். பழக்கத்துக்கு, கைபேசியில் மெட்ரோனோம் வைத்து நொடிக்கு ஒரு சாண் பாதியளவு நகர்ந்து பாருங்கள்.

ஒவ்வொரு பாத்தியையும் எப்போதும் ஒரே திசையில் ஓட்டுங்கள். வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைமடைக்கு என்றால் கடைசி வரை அப்படியே. லைடார் சற்று முன்னோக்கிச் சாய்ந்திருந்தாலும், நேரக்குறிப்பில் சிறு தாமதம் இருந்தாலும், அதே திசையில் போகும்போது பிழை அதே அளவு வரும், கழியும்போது போய்விடும். எதிர்த்திசையில் வந்தால் இரட்டிப்பாகும்.

பாத்திக்கு ஒரு கோப்பு. பன்னிரண்டு பாத்தியையும் ஒரே கோப்பில் பதிந்தால், நடுவில் ஒரு கோளாறு வந்தால் எல்லாம் போகும். ஒரு பாத்திக்குச் சுமார் 80 மெகாபைட் ஆகும்.

8. வயலை விட்டுக் கிளம்பும் முன்

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்து, கோப்பு காலி என்று தெரிந்தால் அந்த நாள் திரும்பாது. ஒவ்வொரு கோப்பையும் வயலிலேயே திறந்து நான்கு விஷயம் பாருங்கள்: கோப்பின் கால அளவு நடந்த நேரத்தோடு ஒத்துப்போகிறதா, தேதி சரியா, நான்கு பலகைகளும் தெரிகின்றனவா, என்கோடர் சொல்லும் தூரம் நாடா அளவிலிருந்து இரண்டு விழுக்காட்டுக்குள் இருக்கிறதா. பலகை ஒன்று தெரியவில்லை என்றால் அந்தப் பாத்தியை மட்டும் மறுபடி ஓட்டுங்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை: பாத்தி எண், விதைத்த நாள், கடைசியாகத் தண்ணீர் கட்டிய நாள், காற்று, களை, உரமிட்டது. ஒரு வரி போதும், ஆனால் அன்றே எழுத வேண்டும்.

9. கணக்கு

வேலை முழுவதையும் பைத்தானில் செய்யலாம். புள்ளிக்கூட்டத்தைக் கண்ணால் பார்க்க கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருள் போதும்.

வரிசை இது: ஒவ்வொரு சுற்றையும் கோணம், தூரத்திலிருந்து நீள அகல உயரமாக மாற்றுங்கள். சாய்வைத் திருத்துங்கள். பலகைகளில் பொருத்துங்கள். பாத்திக்கு வெளியே உள்ளதை வெட்டுங்கள். தரைப்படத்தை (வெறுந்தரை ஸ்கேனில் கிடைத்த உயரங்களை) கழியுங்கள். அதற்குப் பிறகுதான் சதமானம். பொருத்தும் முன் கழித்துவிட்டு, ஏன் பாத்தியின் ஒரு முனை வளர்கிறது, மறுமுனை தேய்கிறது என்று தேடுவது வழக்கமான தவறு.

லேசர் கற்றை ஊசிமுனை அல்ல. அதற்கு அகலம் உண்டு. பாதி இலை விளிம்பிலும் பாதி மண்ணிலும் விழுந்தால், இரண்டுக்கும் நடுவில் அந்தரத்தில் ஒரு புள்ளி வரும். அதை நீக்க, தனித்து நிற்கும் புள்ளிகளைத் தள்ளும் வடிகட்டியைப் போடுவார்கள். இங்கே அளவோடு போடுங்கள். கண்டிப்பான வடிகட்டி இலை நுனியையும் சேர்த்துத் தின்றுவிடும். வடிகட்டும் முன்னும் பின்னும் உயரம் எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிடுங்கள். 5 மி.மீ.க்கு மேல் குறைந்தால் தளர்த்துங்கள்.

உயரம்: 10 செ.மீ. சதுரம் ஒவ்வொன்றிலும் 95-ஆம் சதமானம். மிக உயர்ந்த புள்ளியை எடுக்காதீர்கள். பறந்த தும்பியும் அதற்குள் வரும்.

மூடல் விகிதம்: தரைக்கு மேல் 3 செ.மீ.யைத் தாண்டிய புள்ளிகள், மொத்தப் புள்ளிகளில் எத்தனை பங்கு. ஏன் 3 செ.மீ.? நடுக்கம் 10 மி.மீ. என்றால் அதன் மூன்று மடங்கு. வெறும் மண் தவறுதலாக இலை என்று எண்ணப்படுவது அநேகமாக நின்றுவிடும்.

கன அளவு: ஒவ்வொரு சதுரத்தின் சராசரி உயரத்தையும் அதன் பரப்பால் பெருக்கிக் கூட்டுங்கள்.

வளர்ச்சி வேகத்துக்கு உதாரணம்: 12-ஆம் நாள் உயரம் 62 மி.மீ., 16-ஆம் நாள் 118 மி.மீ. என்றால் வித்தியாசம் 56. நாளுக்கு 14 மி.மீ. மீள்பிழை 8 மி.மீ. உள்ளவர் இதைத் தைரியமாகச் சொல்லலாம். அதே ஆள் 12-க்கும் 13-க்கும் இடையே அளந்திருந்தால் கையில் ஒன்றும் இருக்காது.

10. கையால் அளந்து ஒப்பிடுதல்

இதைத் தவிர்த்தால் உங்களிடம் இருப்பது அழகான படம் மட்டும்.

உயரத்துக்கு: அளவுகோலைத் தரையில் ஊன்றி, செடி இயல்பாக நிற்கும் நிலையில் படியுங்கள். இலையை விரலால் நிமிர்த்திப் பிடித்து அளப்பது எல்லோருக்கும் கைவந்த பழக்கம். லேசர் இலையை நிமிர்த்தாது. இரண்டு அளவும் சில செ.மீ. விலகும், பிறகு லைடார்மேல் பழி விழும்.

எடைக்கு: ஒரு பாத்தியை அறுப்புக்கென்றே ஒதுக்குங்கள். அதற்குரிய பணத்தைத் தோட்டக்காரருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஸ்கேன் முடிந்த உடனே கம்பிச் சட்டத்தை வைத்து, பலகையிலிருந்து அதன் தூரத்தைக் குறித்து, உள்ளே உள்ளதைத் தரையோடு அறுத்து, மண் உதறி, அங்கேயே எடை போடுங்கள். கீரை நிமிடக் கணக்கில் வாடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்ட எடை பச்சை எடை அல்ல. உலர் எடை வேண்டுமானால் 70 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். சுமார் இரண்டு நாள் ஆகும்.

இளம் பயிரிலிருந்து முற்றியது வரை குறைந்தது 30 சட்டங்கள் வேண்டும். எல்லாவற்றையும் அறுவடை நாளிலேயே எடுத்தால் கோடு ஒரே இடத்தில் குவியும், இளம் பயிருக்கு உதவாது. 20-ஐ வைத்துக் கோட்டை வரைந்து, மீதிப் பத்தை வைத்துச் சோதியுங்கள். முளைக்கீரைக்கு வரைந்த கோட்டைச் சிறுகீரைக்கோ தண்டுக்கீரைக்கோ பயன்படுத்தக் கூடாது. இலை அடுக்கும் தண்டின் கனமும் வேறு.

11. மோட்டார் பூட்டுவது

ஒரு முழுப் பயிர் தள்ளுவண்டியில் அளந்த பிறகு இதற்கு வாருங்கள். அப்போதுதான் எந்த இடத்தில் வண்டி மாட்டுகிறது, எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது என்று கை அறிந்திருக்கும்.

நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் 30 செ.மீ. விட்டச் சக்கரம் நிமிடத்துக்கு ஆறு, ஏழு சுற்றுதான் சுற்றும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 100, 200 சுற்று மோட்டாரை வாங்கி மென்பொருளால் மெதுவாக்க முயன்றால், அது திணறித் திணறி ஓடும், சூடேறும். 20 முதல் 30 சுற்று தரும் கியர் மோட்டார் வாங்குங்கள். வண்டி 40 கிலோ இருந்தால், ஈர மண்ணில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 10 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை இருக்கட்டும். நேராக ஓட அதில் பாதி போதும். மீதி, புதைந்து எழவும் திரும்பவும்.

மோட்டாருக்கும் கணினிக்கும் ஒரே பேட்டரி என்றாலும் கன்வெர்ட்டர் தனித்தனி. பெரிய சிவப்பு நிறுத்தப் பொத்தான் மோட்டார் மின்சாரத்தை நேராக அறுக்க வேண்டும், மென்பொருள் வழியாக அல்ல. ரிமோட் தொடர்பு அரை நொடி அறுந்தால் தானே நிற்க வேண்டும். பாத்தி ஓரத்தில் நாய் படுத்திருக்கும், பிள்ளைகள் ஓடிவருவார்கள். லைடார் கண்ணுக்குப் பாதுகாப்பான முதல் வகுப்பு லேசர்தான். 40 கிலோ வண்டி அப்படியல்ல.

தானாக நேராக ஓட, இசட்இடி-எஃப்9பி போன்ற ஆர்டிகே (திருத்தத் தகவலோடு வேலை செய்யும் துல்லிய ஜிபிஎஸ்) கருவி இரண்டு செ.மீ.க்குள் இடம் சொல்லும். திசையறிய காந்த உணரியை நம்பாதீர்கள். மோட்டாரும் இரும்புச் சட்டமும் அதைக் குழப்பும், அத்திப்பட்டிலிருந்து வரும் உயரழுத்தக் கம்பிகளின் கீழே கேட்கவே வேண்டாம். பாத்தி முனையில் திருப்புவதைக் கையாலேயே செய்யுங்கள். நான்கு சக்கரமும் வழுக்கித் திரும்பும்போது வாய்க்கால் கரை உடையும், அடுத்த தண்ணீர் பாத்திக்குப் போகாது.

12. நெல்லுக்கு என்ன மாறும்

மீஞ்சூர், பொன்னேரியில் சொர்ணவாரி, சம்பா, நவரை என எந்தப் பட்டமானாலும் வயலில் தண்ணீர் நிற்கும். தரை லேசருக்குத் தெரியாது. அதனால் தரைப்படத்தை நடவுக்கு முன், சமன் செய்து தண்ணீர் வடிந்த நாளில் எடுக்க வேண்டும். அது முடியாவிட்டால் குறிக்கட்டைகள் நிற்கும் சேற்றுத் தரையிலிருந்து பலகை வரை உள்ள உயரத்தை அளவுகோலால் அளந்து, அதையே தரையாகக் கொள்ளுங்கள். சேற்றுக்குள் கட்டை ஒரு மீட்டராவது இறங்க வேண்டும்.

பயிர் ஒரு மீட்டர் வளரும். லைடார் பயிர்த் தலைக்கு மேலே குறைந்தது 80 செ.மீ. இருக்க வேண்டும் என்பதால் சட்டம் 1.8 மீட்டராவது உயர வேண்டும். அவ்வளவு உயரச் சட்டம் ஆடும், சாய்வு உணரி இல்லாமல் முடியாது. சக்கரம் மெலிதாக, பெரிய விட்டமாக இருக்கட்டும். அகலச் சக்கரம் வரிசையை மிதித்துவிடும். நடும்போதே வண்டி போக இரண்டு வரிசை இடம் விடச் சொல்லிக் கேளுங்கள். கதிர் சாய்ந்த பிறகு உயரம் பொய் சொல்லும். பால் பிடிக்கும் பருவத்துக்குப் பின் உயரத்தை வளர்ச்சியின் அளவாகக் கொள்ளாதீர்கள்.

13. அடிக்கடி வரும் கோளாறுகள்

பாத்தி முழுதும் ஒரே அளவு தாழ்ந்திருக்கிறது: பலகைப் பொருத்தம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது கட்டையை யாரோ அசைத்திருக்கிறார்கள். நான்கு பலகைகளுக்கும் இடையே உள்ள உயர வித்தியாசத்தை முதல் நாளோடு ஒப்பிட்டால் எது அசைந்தது என்று தெரியும்.

அலை அலையாக உயரம் ஏறி இறங்குகிறது: வண்டிச் சக்கரம் ஒன்றின் ரிம் வளைந்திருக்கும், அல்லது அதில் மண் அப்பியிருக்கும். அலையின் நீளம் சக்கரச் சுற்றளவுக்குச் சமமா என்று பாருங்கள்.

நடுப்பாத்தியில் மட்டும் புள்ளிகள் இல்லை: தண்ணீர் தேங்கியிருக்கிறது.

இரண்டு, மூன்று வாரத்தில் லைடார் அவ்வப்போது தொடர்பு அறுகிறது: உப்புக்காற்றில் இணைப்பு ஊசிகள் பச்சை பூத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, இணைப்புக்கு மேல் வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் வண்டியை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். லைடாரைக் கழற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். மறுபடி மாட்டிய ஒவ்வொரு முறையும் சிமெண்ட் தரையில் ஒரு நிமிடப் பதிவு எடுத்து, சாய்வுக் கோணம் பழையதுதானா என்று பார்த்துவிட்டு வயலுக்குப் போங்கள்.